அலுமினியம் ஃபாயில்: எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்

தக்காளியும் எலுமிச்சையும் நிறையச் சேர்த்துச் சமைத்தது கொஞ்சம் மிஞ்சிப்போனது. எவர்சில்வர் பாத்திரத்தில் அப்படியே விட்டு, வாயை ஃபாயில் பேப்பரால் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் தாளில் ஊசியால் குத்தியது போலப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நேர் கீழே, உணவின் மேல் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. ஃப்ரிட்ஜுக்குள் பூச்சி எப்படி வந்தது என்றுதான் முதலில் தேடினேன். பூச்சி எதுவும் இல்லை. தெரியாமலே ஒரு மின்கலத்தைச் செய்து உள்ளே வைத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த ஓட்டைகளைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், இந்தத் தாளைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த பல விஷயங்கள் தவறு என்று தெரிந்தது. ஃபாயில் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று நினைத்திருந்தேன். பளபளப்பான பக்கம் உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எதனோடும் சேராத, எதையும் தின்னாத உலோகம் என்று நினைத்திருந்தேன். மூன்றுமே சரியில்லை.

இதை ஒரு மெல்லிய சுவராக நினைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகப் புரியும். ஒளி, காற்று, ஈரம், மணம், வெப்பக் கதிர், ரேடியோ அலை ஆகியவற்றை இந்தச் சுவர் தடுக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் சூட்டையும் மின்சாரத்தையும் தாராளமாக விட்டுவிடும். புளிப்பும் உப்பும் காரமும் (மிளகாய்க் காரமல்ல, சோடா போன்ற காரப்பொருள்) இந்தச் சுவரையே அரித்துவிடும். வீட்டுக் குறிப்பு என்று சொல்லப்படும் எந்த ஃபாயில் யோசனையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

வெள்ளீயத் தாளின் இடத்துக்கு வந்தது

பூமியின் மேலோட்டில் உள்ள உலோகங்களில் அலுமினியம்தான் மிக அதிகம். எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு. ஆனாலும் மனிதருக்கு அது கிடைத்தது மிகவும் பிற்காலத்தில். இரும்பும் செம்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புழங்கிய பிறகு, 1825-இல்தான் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் இதைச் சிறிதளவு பிரித்தெடுத்தார். காரணம், அலுமினியம் ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. கரியோடு சேர்த்து எரித்தால் இரும்பு தனியாக வந்துவிடும், இது வராது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க ஏறக்குறைய 2.8 கிலோ எடையுள்ள அலுமினியத் துண்டு ஒன்றைத்தான் வார்த்தார்கள். அன்று அது அவ்வளவு அரிய பொருள்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்ஸில் பால் எரூ, ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுமினியம் ஆக்சைடை, கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி அதில் கரைத்து, அதற்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பிரிக்கும் வழி. இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. இன்றும் உலகில் அலுமினியம் தயாராவது அடிப்படையில் இதே முறையில்தான். அந்த மின்சாரத்தின் கதைக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

அதுவரை பொருள்களைச் சுற்றி வைக்கப் பயன்பட்டது வெள்ளீயத் தாள். 1877-இல் எடிசன் முதன்முதலாகக் குரலைப் பதிவுசெய்ததும் ஓர் உருளையில் சுற்றிய வெள்ளீயத் தாளில்தான். உணவைச் சுற்றினால் அதில் லேசான உலோகச் சுவை ஏறிவிடும் என்பது அதன் பெரிய குறை. அலுமினியம் மலிவானதும், 1910-இல் சுவிட்சர்லாந்தின் எம்மிஸ்ஹோஃபென் என்ற ஊரில் அலுமினியத்தை மெல்லிய தாளாக உருட்டும் ஆலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டாப்லரோன் சாக்லேட் அந்தத் தாளில் சுற்றப்பட்டு வந்தது. வீட்டில் கிழித்துப் பயன்படுத்தும் சுருள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1947-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் பலர் இன்றும் இதை டின்ஃபாயில் என்றே அழைப்பது பழைய வெள்ளீயத்தின் நினைவில்தான்.

போரில் இந்தத் தாளுக்கு வேறொரு வேலை இருந்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரைத் தாக்கப் போன பிரிட்டிஷ் விமானங்கள், அலுமினியத் தாள் ஒட்டிய காகிதப் பட்டைகளை வானில் கட்டுக்கட்டாக இறைத்தன. ரேடார் அலைகள் அந்தப் பட்டைகளில் பட்டுத் திரும்பியதால் திரை முழுக்க விமானங்கள் போலவே தெரிந்தது. ரேடியோ அலையை இந்தச் சுவர் எப்படித் திருப்பி அனுப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு

கனமான அலுமினியப் பாளத்தை முதலில் சூட்டோடும் பிறகு சூடில்லாமலும் உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப விட்டு மெலிதாக்குகிறார்கள். 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் அதற்கு ஃபாயில் என்று பெயர். வீட்டுச் சுருள் பெரும்பாலும் 0.016 மில்லிமீட்டர், அதாவது 16 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நான்கு ஃபாயில் தாள்களை அடுக்கினால்தான் ஒரு முடியின் தடிமன் வரும்.

கடைசிச் சுற்றில் தாள் அவ்வளவு மெலிதாகிவிடுவதால் தனியாக விட்டால் கிழிந்துபோகும். அதனால் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உருட்டிப் பிறகு பிரிக்கிறார்கள். மெருகேற்றிய உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கிறது. இன்னொரு தாளை ஒட்டியிருந்த பக்கம் மங்கலாகிறது. பளபளப்பின் கதை இவ்வளவுதான். எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பது சமையலில் கண்டுகொள்ளும்படியான எந்த வித்தியாசத்தையும் தராது. உணவு ஒட்டாதிருக்க ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சு கொடுத்த ஃபாயில் தனி வகை. அதில் எந்தப் பக்கம் உணவைத் தொட வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

உருட்டி முடித்த தாள் விறைப்பாக இருக்கும். அதைச் சூளையில் மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகிவிடும். உருட்டும்போது ஒட்டிய எண்ணெயும் அந்தச் சூட்டில் போய்விடும். மடித்தால் மடித்தபடியே நிற்கும் குணம் இதனால்தான் வருகிறது. பிளாஸ்டிக் தாளை மடித்தால் மெல்ல விரிந்துகொள்ளும், இது விரியாது. கட்ட நூலும் வேண்டாம், ஒட்டப் பசையும் வேண்டாம். அன்றாடப் பயன்பாடுகளில் பாதி, இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கின்றன.

சூட்டைப் பற்றிய குழப்பம்

சூடான ஓவனிலிருந்து எடுத்த உணவின் மேலிருக்கும் ஃபாயிலைச் சில நொடிகளில் விரலால் எடுத்துவிட முடிகிறது. அதே சூட்டில் இருந்த தட்டைத் தொட்டால் கை வெந்துவிடும். ஃபாயிலுக்குச் சூடு ஏறவில்லை என்று பலர் இதிலிருந்து முடிவு செய்கிறார்கள். உண்மையில் சூடு ஏறத்தான் ஏறுகிறது. தேக்கி வைக்க அதில் பொருள் இல்லை, அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் சதுரத் தாளின் எடை 4 கிராமுக்கும் குறைவு. அந்த முழுத் தாளையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையானதைவிடக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் காற்றில் உடனே போய்விடும். ஆனால் தாள் சூடான எண்ணெயையோ குழம்பையோ தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. பின்னாலிருக்கும் சூடு தாள் வழியாக விரலுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கடத்தும் வேகம்தான் ஃபாயிலைப் பற்றி அதிகம் மறக்கப்படும் விஷயம். அலுமினியம் வெப்பத்தை எவர்சில்வரைவிடப் பதினைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். ஃபாயிலில் சுற்றிய குளிர்ந்த பாட்டிலைக் கையில் பிடித்தால், கையின் சூடு தடையே இல்லாமல் உள்ளே போகும். அப்படியானால் சுற்றி வைத்த உணவு கொஞ்ச நேரமாவது சூடாக இருப்பது ஏன்? மூன்று வழிகளில் போகும் சூட்டைத் தாள் குறைக்கிறது. ஆவி வெளியேறாமல் தடுக்கிறது. சூடான பண்டம் ஆறுவதில் ஆவி கொண்டுபோகும் பங்கு மிகப் பெரியது. மேலே காற்று வீசி ஆற்றுவதைத் தடுக்கிறது. வெப்பக் கதிர்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் திருப்பி அனுப்புகிறது. தொட்டுக் கடத்தும் சூட்டுக்கு மட்டும் அதனிடம் மருந்து இல்லை. அதற்குத்தான் மேலே ஒரு கனத்த துணி. ஃபாயிலும் துணியும் சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும். ஃபாயில் மட்டும் என்றால் அரை வேலைதான்.

கூரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் வெப்பத்தடுப்பாக ஃபாயில் ஒட்டிய பலகைகளைப் பொருத்துகிறார்களே, அங்கேயும் இதே விதிதான். தாளின் முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் கதிரைத் திருப்பி அனுப்பும். சுவரோடு ஒட்டிவிட்டால் வெறும் கடத்தியாகிவிடும். தூசி படிந்தாலும் திறன் குறையும்.

ஓவனில் மேல்பாகம் மட்டும் சீக்கிரம் சிவந்து கருகப்போகிறது என்றால், ஃபாயிலைக் கூடாரம் போல மேலே தளர்வாக வைப்பது மிகச் சரியான பயன்பாடு. மேலிருந்து வரும் கதிரைத் தாள் திருப்பிவிடும், உள்ளே வேகும் வேலை தொடரும். உருளைக்கிழங்கை ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிச் சுடுவது வேறு கதை. ஈரம் வெளியே போக வழியில்லாமல் கிழங்கு சுடப்படாமல் வெந்துபோகும். தோல் மொறுமொறுப்பாக வராது. சீக்கிரம் வேகும் என்பதும் சரியில்லை.

ஓவனின் அடித்தளத்தில் ஃபாயில் விரிக்காதீர்கள். சிந்துவதைத் துடைக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் காற்றும் சூடும் சுற்றும் வழி அடைபடும், தாள் அடித்தளப் பூச்சோடு ஒட்டிக்கொண்டு வராமலே போகவும் கூடும். மைக்ரோவேவ் அடுப்பில் ஃபாயில் அலையைத் திருப்பி அனுப்பும். அதனால் மூடிய உணவு சூடாகாது. கசங்கிய தாளின் முனைகளில் மின்புலம் குவிந்து தீப்பொறி பறக்கும். அடுப்போடு வந்த கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய உள்ளே வைக்க வேண்டாம்.

மாத்திரை அட்டையும் உருளைக்கிழங்கும்

காற்று, ஈரம், ஒளி மூன்றையும் ஒரே நேரத்தில் இவ்வளவு மெல்லிய தடிமனில் தடுக்க வேறு எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருப்பது சுமார் 20 மைக்ரான் ஃபாயில். அது வீட்டுச் சுருள் போல மென்மையாக்கப்பட்டதல்ல. வேண்டுமென்றே விறைப்பாக விடப்பட்டது. விரலால் அழுத்தினால் நெளியாமல் பட்டென்று கிழிய வேண்டும் என்பதற்காக. வாரம் முழுமைக்கும் தேவையான மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கும்போது, அந்தச் சுவரை நாமே உடைத்துவிடுகிறோம். ஈரம் பட்டால் கெடும் மாத்திரைகள் உண்டு. பிரித்து வைக்கலாமா என்று மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பாலும் பழச்சாறும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும் அட்டைப்பெட்டிகளுக்குள்ளும் ஒரு ஃபாயில் அடுக்கு இருக்கிறது. தடிமன் 6, 7 மைக்ரான்தான். இவ்வளவு மெலிதாகும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் தவிர்க்க முடியாதவை. அதனால் இருபுறமும் பிளாஸ்டிக் அடுக்கு ஒட்டித்தான் பயன்படுத்துவார்கள்.

சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே மின்னுவது ஃபாயில் இல்லை. பிளாஸ்டிக் தாளின் மேல் 0.1 மைக்ரானுக்கும் குறைவான அலுமினியப் பூச்சு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் ஃபாயில். மெல்ல விரிந்து எழுந்தால் பூச்சுக் கொடுத்த பிளாஸ்டிக். விபத்திலும் மலையேற்றத்திலும் உடம்பைச் சுற்றும் மின்னும் போர்வை இந்த இரண்டாவது வகை. 1964-இல் நாசாவின் விண்வெளிப் பணிகளுக்காக உருவானது அது.

காற்றைத் தடுப்பது எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய் வந்தது. ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளைச் சுற்றியபடியே பல நாள் சாதாரண அறைச் சூட்டில் விட்டு, பிறகு தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். மண்ணில் இருக்கும் இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் சுடும் சூட்டைத் தாங்கிவிடும். ஃபாயிலுக்குள் ஈரம் இருக்கிறது, இதமான சூடு இருக்கிறது, காற்று மட்டும் இல்லை. காற்றில்லாத இடத்தில்தான் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். ஃபாயிலில் சுட்ட கிழங்கைச் சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சினால் தாளைப் பிரித்து எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டைகள்

சரி, என் ஃப்ரிட்ஜுக்குத் திரும்புவோம். அலுமினியம் இயல்பில் மிகத் துடிப்பான உலோகம். காற்று பட்டவுடன் அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான், அதாவது ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் சில பங்கு. இந்தத் தோல்தான் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஃபாயில் துருப்பிடிக்காமல் இருப்பதும் இதனால்தான். புளிப்பு இந்தத் தோலைக் கரைக்கும், உப்பு இதை அங்கங்கே உடைக்கும். கடும் காரமும் கரைத்துவிடும். வடிகால் அடைப்பை நீக்கும் காரப்பொடியில் ஃபாயில் பட்டால் சூடும் ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்து கிளம்பும்; இரண்டையும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

புளிப்பும் உப்பும் மட்டும் இருந்தாலே தாளில் துளை விழலாம். நான் அதைப் பல மடங்கு வேகப்படுத்தியிருந்தேன். எவர்சில்வர் ஒரு உலோகம், அலுமினியம் இன்னொரு உலோகம். பாத்திரத்தின் விளிம்பில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவே உப்பும் புளிப்புமான ஈர உணவு இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. மின்கலத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். மின்னோட்டம் ஓடும், அலுமினியம் கரையும், உணவைத் தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். பல்லில் பழைய உலோக அடைப்பு வைத்திருப்பவர்கள் தவறிப்போய் ஃபாயில் துணுக்கைக் கடித்தால் சுரீரென்று ஒரு வலி வருமே, அதுவும் இதே மின்கலம்தான். எச்சில்தான் அங்கே உப்பு நீர்.

அதே உணவைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ வைத்து, ஃபாயில் உணவைத் தொடாமல் மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைவிட, ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தால் ஃபாயிலே தேவைப்பட்டிருக்காது.

அந்தச் சாம்பல் புள்ளிகளைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கும் வந்தது. அவை கரைந்த அலுமினியத்தின் உப்புகள். அந்த அளவு ஆபத்தானதல்ல. சுரண்டி எடுத்துவிட்டால் போதும். பொதுவாக, ஃபாயிலிலிருந்து உணவுக்கு அலுமினியம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். புளிப்பு, உப்பு, அதிகச் சூடு, நீண்ட நேரம் ஆகியவை சேரச் சேர அளவு கூடும். உணவிலும் நீரிலும் இயற்கையாகவே அலுமினியம் உண்டு. உண்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உடம்பில் சேர்கிறது, அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 60 மில்லிகிராம்.

மூளைக்கு ஆபத்து என்ற பயம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலருக்கு, அந்த நீரிலிருந்த அலுமினியம் நேரடியாக இரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கடுமையாகப் பாதித்தது. அவர்களுடைய சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாத நிலையில் இருந்தது. அந்த நிகழ்வையும் சமையலறை ஃபாயிலையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஃபாயில் பயன்படுத்துவதால் அல்சைமர் என்ற மறதி நோய் வருகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களுக்கு என் கருத்து எளியது: புளிப்பான, உப்பான பண்டத்தை ஃபாயிலில் ஊறவைக்கவோ நாள் கணக்கில் சுற்றி வைக்கவோ வேண்டாம். ரொட்டியைச் சுற்றி எடுத்துப்போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அரிப்பை வேலை வாங்குவது

என் தாளில் ஓட்டை போட்ட அதே வேதியியல், கறுத்த வெள்ளியைத் திரும்ப வெளுக்கச் செய்யும். ஃபாயில் குறிப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபாயில் விரித்து, வெள்ளிப் பொருளை அதைத் தொடும்படி வையுங்கள். ஒன்றிரண்டு கரண்டி சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டு, மூழ்கும்வரை கொதிநீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு மறையும். அழுகிய முட்டை வாடை லேசாக வரும்; அது கந்தகம் பிரிந்து போவதன் அடையாளம். சோடா அலுமினியத்தின் தோலைக் கரைக்கிறது. உள்ளிருக்கும் உலோகம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து வெள்ளியைக் கந்தகத்திடமிருந்து மீட்கிறது.

தேய்த்துத் துலக்கினால் கறுப்போடு சேர்ந்து வெள்ளியும் கொஞ்சம் தேய்ந்து போகும். இந்த முறையில் கறுப்பாகிப்போன வெள்ளி பொருளிலேயே திரும்பச் சேர்கிறது. முத்து, கல், பசை வைத்து ஒட்டிய பாகங்கள் உள்ளவற்றை மட்டும் இதில் போடாதீர்கள். வேலைப்பாட்டின் பள்ளங்களில் அழகுக்காகக் கறுப்பு ஏற்றியிருந்தால் அதுவும் போய்விடும்.

குரோம் பூசிய குழாயிலோ சைக்கிள் கைப்பிடியிலோ துருப் புள்ளிகள் இருந்தால், கசக்கிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது, கீறல் விழாது. கத்தரிக்கோலால் மடித்த ஃபாயிலை வெட்டினால் கூராகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முனையில் ஒட்டிய பிசினும் சிறு பிசிறும் போகலாம், மழுங்கிய அலகு கூராவதில்லை.

டார்ச்சில் பேட்டரி தளர்வாக இருந்தால் ஸ்பிரிங் பக்கம் சின்ன மடிப்பு ஃபாயில் வைத்து அவசரத்துக்குச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு துண்டு ஃபாயில் பேட்டரியின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் நொடிகளில் நெருப்பாகச் சூடேறும். பேட்டரிகளையும் ஃபாயிலையும் ஒரே இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

கைபேசியையோ காரின் ரிமோட் சாவியையோ ஃபாயிலில் முழுக்கச் சுற்றினால் சிக்னல் போகாது, வராது. ஹாம்பர்க் வானத்தில் நடந்ததன் சின்ன வடிவம். ஓரங்களை நன்றாக மடித்து மூட வேண்டும், இடுக்கு இருந்தால் அலை நுழைந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலாக, அந்தக் கைபேசிக்குள்ளேயே ஒரு ஃபாயில் சுருண்டு கிடக்கிறது. லித்தியம் அயான் பேட்டரியின் நேர்முனைப் பொருளைப் பூசி வைப்பது அலுமினியத் தாளின் மேல்தான்.

நான்கு கிராமின் மின்சாரம்

ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கு டன் அளவுக்கு பாக்சைட் என்ற தாதுவைத் தோண்ட வேண்டும். அதிலிருந்து ஆக்சைடைப் பிரித்த பிறகு, ஹாலும் எரூவும் கண்டுபிடித்த முறையில் உலோகமாக்கக் கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். இதை ஒரு தாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் சதுரத் தாள் 4 கிராம் என்றால், அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் செலவான மின்சாரம் 10 வாட் எல்இடி பல்பை ஐந்தரை மணி நேரம் எரிக்கப் போதும். தோண்டியது, ஏற்றி வந்தது, உருட்டியது எல்லாம் இதில் சேரவில்லை. மீதி உணவை ஓர் இரவு மூடி வைக்க அதைக் கிழித்து, காலையில் குப்பையில் போடுகிறோம். இந்தக் கணக்குக்குப் பிறகு, தட்டு கவிழ்த்தாலே போதும் என்ற இடங்களில் நான் சுருளைத் தொடுவதில்லை. ஃப்ரீசரில் நாள்பட வைக்கும் உணவு, ஓவனில் மேலே போடும் கூடாரம், வெள்ளி துலக்குவது போன்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்கிறேன். அழுக்காகாத தாளைத் துடைத்து மடித்து வைத்துத் திரும்பவும் எடுக்கிறேன். பச்சை இறைச்சி பட்ட தாளை மட்டும் மறுபடி பயன்படுத்துவதில்லை.

மறுசுழற்சியில் அலுமினியத்துக்கு ஈடு இல்லை. பழையதை உருக்கப் புதிதாகச் செய்யும் சக்தியில் சுமார் 5 விழுக்காடு போதும், தரமும் குறையாது. ஆனால் வீட்டு ஃபாயிலுக்கு இரண்டு தடைகள். உணவும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் எடுக்க மறுப்பார்கள். சின்னத் துண்டுகள் பிரிக்கும் எந்திரத்தின் சல்லடையில் விழுந்து மற்ற குப்பையோடு போய்விடும். தப்பிப் போய் உலையில் விழுந்தாலும், மெல்லிய தாள் உருகும் முன்பே காற்றோடு சேர்ந்து ஓரளவு ஆக்சைடாகிவிடும். பிளாஸ்டிக்கும் காகிதமும் ஒட்டிய அட்டைப்பெட்டி, மாத்திரை அட்டை போன்றவற்றைப் பிரிக்கத் தனி ஆலைகள் வேண்டும். அவற்றை ஃபாயிலோடு சேர்க்கக் கூடாது.

அதனால் கழுவிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடாமல், ஒரு டப்பாவில் சேர்த்து வாருங்கள். அழுத்தி அழுத்தி ஒரே உருண்டையாக்குங்கள். கைமுட்டி அளவுக்கு வந்ததும் உலோகக் குப்பையில் போடலாம். என் டப்பாவில் இப்போது இருக்கும் உருண்டை எலுமிச்சை அளவுதான். ஓட்டை விழுந்த அந்தத் தாளும் அதற்குள்தான் இருக்கிறது.